நூலகத்துக்கு முந்திய வாசகர் வட்டம்

முதலில் நூலகம் எழும். பிறகு நூல்கள் வந்து சேரும். அவற்றைப் படிக்க மக்கள் வருவர். படித்தவர் நாளடைவில் ஒருவரோடொருவர் உரையாடத் தலைப்படுவர். அவ்வுரையாடலே வாசகர் வட்டமாக வளரும். பொது நூலகங்களில் கூடும் வாசகர் குழுக்களைப் பற்றி நாம் பொதுவாக எண்ணும் முறை இது. வரலாறோ பல இடங்களில் வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் 1727-ஆம் ஆண்டு தம் நண்பர் சிலரைக் கூட்டி வாரந்தோறும் கலந்துரையாடும் கழகம் ஒன்றை அமைத்தார். பேசப் பேச நூல்கள் போதவில்லை. ஆகவே, அவர்கள் 1731-இல் சந்தா நூலகம் ஒன்றைத் தொடங்கினர். அங்கே பேச்சு முந்தியது, நூலகம் பிந்தியது.

மலாயாத் தமிழரிடையே நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இங்கே கூடிப் பேசுவதற்கு ஓர் அறை கூட இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதற்கு அப்பாலும் ரப்பர்த் தோட்டங்களில் சிதறிக் கிடந்த வாசகர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஒரு வட்டமாக அமைந்தனர். அந்த வட்டத்துக்குக் கூடமாக விளங்கியது நாளிதழின் ஞாயிறு பக்கம். இதன் வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. இதில் பெரும்பங்கு அவர்களுடைய முன்னோர்க்கு உரியது.

நூலகங்களே நாட்டில் இல்லாமலில்லை. பினாங்கு நூலகம் 1817-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. கோலாலம்பூரிலும் புத்தகக் கழகம் என்ற பெயரில் சந்தா நூலகம் ஒன்று இருந்தது. எனினும் அவை ஆங்கிலம் அறிந்தோர்க்கு உரியவை. பொழுது புலருமுன் பால்மரம் சீவப் போய், பிற்பகலில் லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்கு அவற்றின் வாயிற்படி எத்திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. தோட்டத்தில் படிப்புக்கு உரிய இடங்கள் இரண்டே: ஒன்று தமிழ்ப் பள்ளிக்கூடம், மற்றொன்று லயத்து வாசல். எழுத்தறிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். சூழ அமர்ந்தோர் கேட்பர். செய்திக்குச் செய்தி கருத்துச் சொல்வர். அந்த ஒருவர் பல தோட்டங்களில் பள்ளி ஆசிரியராகவோ, கிராணியாகவோ இருந்தார். ஓர் இதழைப் படித்தவர் ஒருவரே. அதன் வாசகரோ பலர். செவியால் படித்த இவர்களை எந்த நூலகப் பதிவேடும் கணக்கிட்டதில்லை.

தமிழ்நாட்டில் இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்க முயன்றனர். சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை 1931-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிட்ட வேண்டும் என்பன அவற்றுள் இரண்டு விதிகளின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் புறப்பட்டது. மலாயாத் தோட்டங்களுக்கு அவ்வாறு எந்த வண்டியும் வரவில்லை. வந்தவை நாளிதழ்களே. கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேச’னும் சிங்கப்பூரில் 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முர’சும், அஞ்சல் செல்லும் இடமெல்லாம் சென்றன.

போர் முடிந்து, சப்பானியர் ஆட்சி நீங்கிய பின்னர், இவ்விதழ்களின் வாசகர்கள் படிப்பதோடு நில்லாமல் எழுதவும் விரும்பினர். எழுதக் கற்பிப்பார் யார்? அப்பொழுதுதான் ‘தமிழ் நேச’னில் ‘கதை வகுப்பு’ தொடங்கியது. ஆண்டு 1950. நடத்தியவர்கள் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்னும் இருவர். கதை என்பது யாது, அதனை எங்கே தொடங்குவது, பாத்திரம் எவ்வாறு பேச வேண்டும் என்பன போன்றவை பாடங்களாக அச்சில் வந்தன. வாசகர்கள் பயிற்சிகளை எழுதி அஞ்சலில் அனுப்பினர். தேர்வும் வைத்தனர், எழுதியவர்களைத் தரம் பிரித்தும் அறிவித்தனர். எழுத்தாளனுக்குத் தேர்வா என்று இன்று நாம் நகைக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தம் தமிழை மதித்துத் திருத்தித் தருவார் எவருமில்லாத இளைஞனுக்கு, நாளிதழில் அச்சான தன் பெயரும் அதன் எதிரே இருந்த தரக்குறிப்பும் எவ்வளவு பெரிய ஊக்கம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை வகுப்பையே இலக்கிய வரலாற்றாசிரியர் பெரிதும் பாராட்டுவர். அதற்கு அடுத்து வந்த ‘ரசனை வகுப்பு’ அதனினும் சிறந்த முயற்சி என்பது என் கருத்து. சுப. நாராயணன் 1950-களின் தொடக்கத்தில் ‘தமிழ் முர’சில் இதனை நடத்தினார். முன்னதன் நோக்கம் எழுதக் கற்பிப்பது. பின்னதன் நோக்கம் படிக்கக் கற்பிப்பது. எழுத விரும்புவோர் ஊருக்கு ஒருவர் இருவர், படிப்போர் பலர். கதை நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று சொல்லி நிறுத்தாமல், ஏன் என்ற வினாவுக்கு விடை காணுமாறு வாசகரைப் பழக்குவது எளிய செயலன்று. தன் தோட்டத்து வாசகனுக்கு இலக்கியத்தைப் பற்றிக் கருத்துரைக்கும் தகுதி உண்டு என்று ஒருவர் நம்பினாலன்றி இத்தகைய வகுப்பைத் தொடங்கவே முடியாது. இன்று நூலகங்களில் கூடும் எந்த வாசகர் வட்டத்துக்கும் அடிப்படை இந்த நம்பிக்கைதான்.

அச்சில் இருந்த வட்டம் நேரில் கூடும் வட்டமாக மாறியதற்குக் கு. அழகிரிசாமியின் வருகை பெரிதும் துணை செய்தது. இடைசெவலில் பிறந்த அவர் 1952-இல் மலாயாவுக்கு வந்து, ‘தமிழ் நேச’னில் ஆசிரியப் பணி ஏற்று, 1957 வரை இங்கு இருந்தார். அவருக்கு முன்மாதிரி ஊரிலேயே இருந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டில் அன்பர்களைக் கூட்டிக் கம்பனையும் பிற கவிஞரையும் சுவைத்துப் பேசிய ‘வட்டத்தொட்டி’யைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். வட்டமான தொட்டிக்கட்டில் அமர்ந்து பேசியதால் வந்த பெயர் அது. ரசிகமணியிடம் பேரன்பு பூண்ட அழகிரிசாமி, கோலாலம்பூரில் ‘இலக்கிய வட்டம்’ என்ற பெயரில் எழுத்தாளரையும் வாசகரையும் கூட்டிப் படைப்புகளை விவாதித்தார். திருநெல்வேலி வட்டத்தில் பெரிதும் பேசப்பட்டது பழங்கவிதை. கோலாலம்பூர் வட்டத்தில் பேசப்பட்டவற்றுள் எதிரே அமர்ந்திருப்பவர் எழுதிய கதையும் உண்டு. முன்னையது இன்பம் தருவது. பின்னையதற்குத் துணிவு வேண்டும். எழுதியவர் முகம் வாடுமே என்று வாயடைத்துப் போகும் குழுக்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அழகிரிசாமி தாயகம் திரும்பியதும் அவ்வட்டம் தளர்ந்தது. ஒருவரை அச்சாணியாகக் கொண்ட வட்டங்களுக்கு இது பொதுவான விதி. எனினும் அதற்குள் நிலம் பண்பட்டுவிட்டது. ‘தமிழ் முர’சின் மாணவர் பகுதியிலிருந்து கிளைத்த மணிமன்றங்கள் ஊர்தோறும் இளைஞர்களைச் சேர்த்தன. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் 1960-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. ‘தமிழ் நேச’னில் முருகு சுப்பிரமணியன் 1972-இல் தொடங்கிய பவுன் பரிசுத் திட்டம், சிறந்த கதைக்குத் தங்கமே தந்தது.

இனி, நூலகம் வந்த கதை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-ஆம் ஆண்டு இந்திய இயல் துறை தோன்றிய காலத்தில், அத்துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்பதற்காக ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்த சிறு சிறு தொகைகளும் அதில் சேர்ந்தன. இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பல்கலைக்கழக நூலகத்துள் தாம் நுழையப் போவதில்லை என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியும். நுழைந்தாலும் அங்குள்ள சங்க இலக்கியப் பதிப்புகளைப் படித்து அறியும் பயிற்சி அவர்களுட் பலர்க்கு இல்லை. நாளிதழைச் சுற்றி உருவான வாசகர் கூட்டம், முன்பின் பாராத ஒரு நூலகத்துக்கு வெள்ளி கொடுத்தது. பிராங்கிளினின் நண்பர்கள் தாம் படிக்கப் பணம் சேர்த்தார்கள். இவர்கள் பிறர் படிக்கச் சேர்த்தார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் சிங்கப்பூரிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. ரப்பர்த் தொழிலதிபர் லீ கோங் சியான் 1953-இல் 3,75,000 வெள்ளி அளிக்க முன்வந்தார். நூலகம் கட்டணமில்லாப் பொது நூலகமாக வேண்டும், நாட்டு மக்களின் மொழிகளுக்கும் அங்கு இடம் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். ஸ்டாம்போர்ட் சாலையில் தேசிய நூலகக் கட்டடம் 1960-இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்நகரின் ஆங் மோ கியோ பொது நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் மாதந்தோறும் கூடிய வரலாற்றுக்கு வேர் இதுவே.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை வேறாயிற்று. இந்திய இயல் துறை கோலாலம்பூர் லெம்பா பந்தாய் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழ் நூல்களும் அங்கே நிலைபெற்றன. ஆனால் 1970-களிலிருந்து சிலாங்கூர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டன. லயங்கள் மறைந்தன. மக்கள் பழைய கிள்ளான் சாலைப் பக்கத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். கம்போங் மேடானும் அதனை அடுத்த கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கானும் இவ்வாறு பெருகிய இடங்கள். பல்கலைக்கழக வளாகம் அங்கிருந்து சில மைல் தொலைவுதான். லயத்து வாசலில் உரக்கப் படித்தவர் ஒரு திசையிலும், கேட்டவர் பல திசைகளிலும் பிரிந்தனர். பலர் கூடி அமர ஒரு முற்றம் இல்லாமற் போயிற்று. கம்போங் மேடானில் 2001 மார்ச்சு மாதம் மூண்ட கலவரத்தில் அறுவர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அப்பகுதியின் வறுமையையும் நெருக்கடியையும் பொது வசதிக் குறைவையும் பற்றிப் பலரும் பேசினர். வாசகர் வட்டம் இருந்திருந்தால் கலவரம் நேர்ந்திராது என்று கூற நான் துணியேன், அது பிதற்றல். அயலார் ஒருவரோடொருவர் அமர்ந்து பேசும் இடம் குறைந்திருந்தது என்பது மட்டும் உண்மை.

தொண்ணூற்று நான்கு ஆண்டு காலம் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுவிட்டது. கதை வகுப்பு நடந்த கூடத்தின் கதவு அடைபட்டது எனலாம். ‘தமிழ் முர’சின் பழைய இதழ்கள் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் எண்ம வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்து ஞாயிறு பக்கம் ஒன்றைத் தமிழாசிரியர் எடுத்து, அதிலுள்ள கதையைத் தம் பகுதி வாசகர் ஐந்தாறு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். அவர்கள் சொல்லும் கருத்தை, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் எழுதி அனுப்பிய கடிதத்தோடு ஒப்பிடலாம். சமூக மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு பிற்பகலும் இதற்குப் போதும்.