வைகறை வெளிச்சத்தைக் கொண்டு காற்றின் உயரத்தை அளந்த காழி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சுப்ஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குச் செல்லும் வழியில் கிழக்கு வானை நாம் பலமுறை பார்த்திருப்போம். கதிரவன் இன்னும் அடிவானத்திற்குக் கீழேதான் இருக்கிறான். ஆயினும் கீழ்த்திசையில் மெல்லிய வெண்மை படர்ந்திருக்கிறது. நம் கண்ணுக்குச் சூரியன் தென்படாதபோது அவ்வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியைப் பற்றிக்கொண்டு, நம் தலைக்கு மேலுள்ள காற்று எவ்வளவு உயரம் வரை இருக்கிறது என்று கணக்கிட்டவர் ஒரு காழி.

அவர் பெயர் அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு முஆத் அல்-ஜய்யானி. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டு, அதாவது கி.பி. 11ஆம் நூற்றாண்டில் அந்தலுஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினில் வாழ்ந்தவர். ஜய்யான் அவருடைய ஊர். இன்று அது ஹாயென் என வழங்கப்படுகிறது. வழக்குகளைத் தீர்க்கும் காழியாக இருந்த அவரே கோளப்பரப்பு முக்கோணவியலிலும் நூல் எழுதினார். வைகறை ஒளியையும் அந்தி ஒளியையும் பற்றி அவர் எழுதிய சிறுநூல்தான் இங்கு நம் பேசுபொருள்.

அவருடைய தர்க்கம் எளிமையானது. வெற்றிடத்தில் ஒளி கடந்து போய்விடும். எதிலேனும் பட்டால்தான் அது நம் கண்ணுக்கு வரும். எனவே வைகறையில் நாம் காண்பது, நிலத்திலிருந்து மேலெழுந்து உயரே நிற்கும் ஈரம் கலந்த காற்றின்மேல் பட்ட சூரிய ஒளியே ஆகும். முதல் வெண்மை தோன்றும் நேரத்தில் சூரியன் அடிவானத்திற்கு ஏறத்தாழ 18 அல்லது 19 பாகை கீழே இருக்கிறது. அப்போது பூமியை உரசிச் செல்லும் சூரியக் கதிர், நம் அடிவானக் கோட்டை ஓரிடத்தில் சந்திக்கிறது. ஒளியைச் சிதறச் செய்யும் காற்றின் மேல் எல்லை அந்த இடமே. பூமியின் சுற்றளவும் அந்தப் பாகையும் தெரிந்தால், எஞ்சியது முக்கோணக் கணக்கு. அவ்வாறு கணக்கிட்டு அவர் கண்ட உயரம் ஏறத்தாழ 52 மைல். கருவியென்று எதையும் வானில் ஏற்றாமல், நிலத்தில் நின்றபடியே அவர் இதைச் செய்தார்.

பிற்காலத்தார் வேறு வழிகளில் மேலே சென்றார்கள். 1643இல் இத்தாலியின் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அளந்தார். 1648இல் பிரான்சின் புய் டி டோம் மலைமீது அக்குழாயைக் கொண்டு சென்றபோது பாதரசம் தாழ்ந்தது. உயரம் கூடக் கூடக் காற்று குறைகிறது என்பது உறுதியாயிற்று. 1902இல் டெசரன் டி போர், 200க்கும் மேற்பட்ட பலூன்களை அனுப்பிச் சேர்த்த அளவீடுகளைக் கொண்டு, ஏறத்தாழ 11 கி.மீ. உயரத்திற்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுகிறது என்று அறிவித்தார். காற்று ஒரே சீரானதன்று, அடுக்கடுக்காக அமைந்தது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இன்று நம் பிள்ளைகளின் பாடநூல்கள் அவ்வடுக்குகளை ஐந்தாகக் கூறுகின்றன. மழையும் மேகமும் நிகழும் கீழடுக்கு, துருவங்களில் ஏறத்தாழ 8 கி.மீ., நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 17 கி.மீ. வரை பரவியது. அதன்மேல் 50 கி.மீ. வரை மீள் அடுக்கு; புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது. 85 கி.மீ. வரை இடையடுக்கு; எரிகற்களில் பெரும்பாலானவை இங்கே எரிந்து போகின்றன. அதற்கப்பால் வெப்ப அடுக்கும் வெளியடுக்கும். உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21 விழுக்காடு, ஆர்கான் 0.93 விழுக்காடு. கரியமில வாயு 0.04 விழுக்காட்டளவே எனினும், பூமியின் வெப்பத்தைக் காப்பதில் அதன் பங்கு பெரிது.

காழியின் 52 மைலை இன்றைய அளவில் பார்த்தால் அது இடையடுக்கின் மேல் எல்லைக்கு அருகில் வருகிறது. காற்று அங்கே முடிந்துவிடவில்லை. ஆனால் வைகறை ஒளியை நம் கண்ணுக்குக் காட்டப் போதுமான காற்று அதற்குமேல் இல்லை. அவர் அளந்தது கண்ணுக்கு ஒளிரும் காற்றின் உயரம். அந்த அளவில் அவருடைய விடை வியக்கத்தக்க அளவு சரியானது.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை இப்னு ஹைதமுடையது என்றே பல ஆண்டுகள் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தோம். மேடையில் கேட்டதைச் சரிபார்க்கவில்லை. அந்தத் தவறுக்கு ஒரு வரலாறும் உண்டு. நூலின் அரபு மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. இலத்தீன், ஹீப்ரு மொழிபெயர்ப்புகளே எஞ்சின. 1542இல் லிஸ்பனிலும் 1572இல் பாஸலிலும் இலத்தீன் வடிவம் அச்சானபோது இப்னு ஹைதமின் பெயரே இடம்பெற்றது. 1967இல்தான் ஏ.ஐ. ஸப்ரா என்னும் ஆய்வாளர், உரியவர் இப்னு முஆத் என்று நிறுவினார். ஒரு ஹதீஸை அறிவித்தவர் யார் என்று தேடித் தேடி உறுதிசெய்த சமுதாயம் நாம். அறிவியல் செய்தி என்றவுடன் அந்தப் பழக்கத்தைக் கைவிடலாமா?

அண்மையில் ஒரு மாணவர் எழுந்து, "உஸ்தாத், ஏழு வானங்கள் என்பவை இந்தக் காற்றின் ஏழு அடுக்குகள்தானே?" என்று கேட்டார். கைப்பேசியில் வந்த காணொளி ஒன்றைப் பார்த்திருந்தார். பாடநூல் ஐந்து என்கிறது. ஏழாக்குவதற்காகச் சிலர் உட்பிரிவுகளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். மேலும், நமக்கு அண்மையில் உள்ள வானமே விண்மீன்களால் அழகுபடுத்தப்பட்டது என்று குர்ஆன் கூறுகிறது. விண்மீன்களோ காற்று மண்டலத்திற்கு மிக மிக அப்பால் உள்ளவை. அவ்வாறிருக்க, இந்தப் பொருத்தம் எப்படி நிற்கும்? நாளை அப்பிள்ளை கல்லூரியில் இதைச் சொல்லிப் பிறர் திருத்தும்போது, ஐயம் எழுவது அந்தக் காணொளியின்மீது மட்டுமாக இராது. இறைவசனத்தின்மீதும் அந்த நிழல் விழக்கூடும். அந்தப் பழி நம்முடையதே.

இறைவனின் வசனத்திற்கு நம் கைச்சரக்கால் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இப்னு முஆத் அவ்வாறு செய்யவில்லை. வைகறையை உற்று நோக்கினார், அளந்தார், கணக்கிட்டார். இன்றும் நம் பள்ளிவாசல்களின் தொழுகை நேர அட்டவணைகள், ஃபஜ்ருக்கு 15 முதல் 19.5 பாகை வரை ஏதேனும் ஓர் அளவை வைத்தே தயாரிக்கப்படுகின்றன. அவர் நோக்கிய அதே வெண்மையைத்தான் அவையும் தேடுகின்றன.

நாளை சுப்ஹுக்குப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். கிழக்கைக் காட்டி, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதை அளந்த காழியின் பெயரையும் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். அறிவும் ஓர் அமானிதம்தான்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.