உரும்பிராயிலிருந்து வன்னிக்கு: ஜீப்பும் லாண்ட் றோவரும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி நோக்கிச் செல்லும் பெருந்தெரு திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்து உரும்பிராய்ச் சந்தியை அடைகிறது. இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் வாழையும் மாறி மாறிப் பயிராகும் நிலம் அது. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால் மாரி மழை விரைவிலே நிலத்துட் சென்றுவிடும். தெருவும் கெட்டியாக நிற்கும். இத்தகைய ஊரிலே நான்கு சில்லுகளும் உந்திச் செல்லும் வண்டி ஒன்று எவருக்குத் தேவை என்று வினவுதல் இயல்பே.

அதற்கு விடை குடாநாட்டுக்கு வெளியே இருக்கிறது. வலிகாமத்தின் தோட்டங்கள் பரம்பரைக்குப் பரம்பரை சீதனமாகவும் முதுசமாகவும் துண்டாடப்பட்டு, பரப்புக் கணக்கில் அளக்கும் சிறு நிலங்களாயின. 1930ஆம் ஆண்டுகளில் இரணைமடுக் குளத்தின் கீழ்க் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியபோது, குடாநாட்டு உழவர் பலர் ஆனையிறவைத் தாண்டினர். கண்டி வீதி வரையில் எந்த வண்டியும் போகும். அவ்வீதியை விட்டு இறங்கியபின், காடு வெட்டித் திறந்த பாதையும் வயல் வரம்பும் குளக்கட்டும்தான். கோடையிற் புழுதி, மாரியில் அச்சு வரை புதையும் சேறு. மாட்டு வண்டியும் தடுமாறும் அவ்விடத்திலே எந்த மோட்டார் வண்டியை நம்பிச் செல்வது என்பது விளைந்த நெல் வீடு வந்து சேருமா என்ற கேள்வியாகவே இருந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இக்கேள்விக்கு இரண்டு விடைகளே இருந்தன: ஒன்று ஜீப், மற்றது லாண்ட் றோவர்.

இரண்டிலும் மூத்தது ஜீப். 1940ஆம் ஆண்டிலே அமெரிக்கப் படை, சிறியதும் இலேசானதுமான நாற்சில்லு உந்து வண்டி ஒன்றை மிகக் குறுகிய தவணையிற் செய்து தரும்படி மோட்டார்க் கம்பெனிகளைக் கேட்டது. பென்சில்வேனியாவிலிருந்த பன்ரம் என்னும் சிறு கம்பெனி கார்ல் புறொப்ஸ்ற் என்னும் பொறியியலாளரைக் கொண்டு வரைபடம் கீறி, அவ்வாண்டு செப்ரெம்பர் 23ஆந் தேதி முதல் வண்டியை ஒப்படைத்தது. ஆனால் பெரும் உற்பத்தி பன்ரத்துக்குக் கிடைக்கவில்லை. வில்லிஸ் கம்பெனியின் 60 குதிரை வலு எஞ்சின் ஏனையவற்றை வென்றது. வில்லிசும் போர்ட்டும் சேர்ந்து போர் முடியுமுன் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. முதலிற் கருத்தரித்தவனுக்குக் கூலி கிடைப்பதில்லை என்பதற்குப் பன்ரத்தைவிட நல்ல சான்று மோட்டார் வரலாற்றிற் காண்பது அரிது.

இலங்கைக்கு இவ்வண்டி போருடன் வந்தது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்கிழக்காசியப் படைத்தலைமை டில்லியிலிருந்து கண்டிக்கு, பேராதனைக்கு, மாறியது. பலாலியிலோ பிரித்தானிய விமானப்படை போர்க்காலத்திலே விமானத் தளம் அமைத்தது. தளத்துக்கும் பட்டினத்துக்கும் இடையில் ஓடும் தெருவின்மேல் இருப்பது உரும்பிராய். வெங்காயக் கூடை சுமந்த மாட்டு வண்டிகள் ஒதுங்கி நின்று வழிவிட்ட படை வண்டிகளின் வழியாகவே இவ்வூர் புதிய போக்குவரத்தை அறிந்துகொண்டது.

லாண்ட் றோவரின் பிறப்பு ஜீப்பினாலேயே நேர்ந்தது. றோவர் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளரான மொறிஸ் வில்க்ஸ் வேல்சின் வடமேற்கிலுள்ள அங்கிள்சீத் தீவில் ஒரு பண்ணை வைத்திருந்தார். பண்ணை வேலைக்கு அவர் கையாண்டது படையினர் கழித்த ஒரு ஜீப். அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற எண்ணமே 1947இல் முயற்சியாக மாறியது. அவர் தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸ் கம்பெனியின் நிருவாகத்தை நடத்தியவர். ஆதலின் தடை ஏதும் இருக்கவில்லை. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30ஆந் தேதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் வெளிவந்தபோது, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 80 அங்குலம். ஜீப்புக்கும் அதே 80 அங்குலம்.

உருக்கு அக்காலத்திற் பிரித்தானியாவிற் பங்கீட்டுப் பொருள். அலுமினியக் கலவையோ விமானத் தொழிற்சாலைகள் ஓய்ந்தமையால் மிஞ்சிக் கிடந்தது. ஆகவே லாண்ட் றோவரின் உடல் அலுமினியத் தகட்டால் அமைந்தது. வறுமையாற் செய்த இத்தெரிவு, கடற்காற்று ஓயாத யாழ்ப்பாணத்துக்கு ஒரு வரமாக வாய்த்தது. உப்புக் காற்றிலே ஜீப்பின் உருக்குத் தரை சில ஆண்டுகளில் துருவேறி ஓட்டையாகும். லாண்ட் றோவரின் தகடு மங்குமேயன்றி உதிராது. ஆனால் அதன் அடிச்சட்டமும் எஞ்சினுக்கும் ஆசனத்துக்கும் இடைப்பட்ட தடுப்பும் உருக்கினாலானவை. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். லாண்ட் றோவர் துருப்பிடியாது என்பது அரை உண்மைதான்.

சேற்றுக்கு வருவோம். இவ்வண்டிகளில் வழக்கமான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. அது எஞ்சினின் வலுவை முன்னச்சுக்கும் பகிர்வதுடன், வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தாழ்ந்த கியரையும் தருகிறது. தாழ்ந்த முதற் கியரில் போர்க்கால ஜீப்பின் எஞ்சின் ஏறக்குறைய 25 முறை சுழன்றால் சில்லு ஒரு முறை சுழலும். லாண்ட் றோவரிலே அத்தொகை ஏறக்குறைய 40. பாரம் ஏற்றிய வண்டி ஆள் நடக்கும் வேகத்திற் சேற்றைக் கடப்பதற்கு இந்த வேறுபாடு பெரிது. 1945க்குப் பின் குடிமக்களுக்கென வந்த ஜீப்பில் அக்குறை பெரும்பாலும் தீர்க்கப்பட்டது. ஆயினும் மலிவாகக் கைமாறியவை படையினர் கழித்த வண்டிகளே. அவற்றுக்கு வேறொரு குறையும் இருந்தது: சுக்கான் இடப்பக்கத்தில். இடப்பக்கமாகச் செல்லும் இலங்கைத் தெருவில், முன்னால் ஊரும் லொறியை முந்துவதற்கு எதிரே வருவது என்னவென்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் ஓட்டவேண்டும்.

மணலிலே கணக்கு மாறும். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டிலும் அதற்குத் தெற்கேயுள்ள கரையோரத்திலும் வண்டியின் பாரமே பகை. இலேசான ஜீப், ரயரிற் காற்றைச் சற்று இறக்கிவிட்டால், மணலின்மேல் மிதந்து போகும். கெட்டித் தெருவில் மட்டும் முன்னச்சுக்கு வலுவைக் கொடுத்து ஓட்டுதல் தகாது. திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். மணலும் சேறும் வழுக்கி இடங்கொடுக்கும், தாரிட்ட தெரு கொடுக்காது. அப்பொழுது உள்ளே பற்சில்லுகள் முறுகித் தேயும். 1950 வரை வந்த லாண்ட் றோவர்கள் நான்கு சில்லுகளையும் எப்போதும் உந்தும் அமைப்புடையவை. இந்த முறுகலைத் தவிர்ப்பதற்காகவே அவற்றின் முன்னச்சு வழியில் ஒரு தனி ஓட்டப் பொறி வைக்கப்பட்டிருந்தது.

குடும்பமும் ஏறவேண்டும், மழையும் நனைக்கக் கூடாது என்றால் மூடிய உடலுள்ள ஸ்ரேஷன் வாகனையே நாடவேண்டும். வில்லிஸ் 1946இல் புறூக்ஸ் ஸ்ரீவன்ஸ் வரைந்த உருக்கு வாகனை வெளியிட்டது. மரப்பலகை பதித்ததுபோல் வர்ணம் தீட்டிய அழகிய வண்டி. நாற்சில்லு உந்தல் அதற்கு 1949இலேதான் கிடைத்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் பிரித்தானியப் பவுணின் பெறுமதி 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராக இறங்கியது. இலங்கை ரூபாவும் உடன் இறங்கியது. ஏற்கெனவே பவுண் வலயத்து நாடுகள் டொலரைச் சிக்கனமாகச் செலவிட்டு வந்தன. நல்ல வண்டி கைக்கெட்டிய தருணத்திலே அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. லாண்ட் றோவர் இலங்கையில் வேரூன்றியதற்குப் பொறியியல் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்த நாணயக் கணக்கும் எனலாம்.

லாண்ட் றோவரின் முதல் வாகனுக்கும் நற்காலம் இருக்கவில்லை. 1948இல் ரிக்போர்ட் கம்பெனி மரச்சட்டத்தின்மேல் உடல் கட்டிக் கொடுத்த அவ்வண்டியைப் பிரித்தானிய அரசு சொகுசுக் காராகக் கொண்டு வரி விதித்தது. 650க்கும் குறைவான வண்டிகளோடு 1951இல் அது நின்றது. 1954இல் 86 அங்குல அடித்தளத்தில் வந்த வாகனே நின்று நிலைத்தது. வெயில் நாடுகளுக்கென அதன் கூரை இரட்டைத் தகடாக, இடையிற் காற்றோடும்படி அமைக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் மாணவர்கள் இத்தகைய இரு வண்டிகளில் 1955-56இல் இலண்டனிலிருந்து பர்மாவினூடாகச் சிங்கப்பூர் சென்றடைந்தமை அதன் உறுதிக்குச் சான்று.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையிற் கார் இறக்குமதி பெரிதும் தடைப்பட்டது. அதுமுதல் பழைய வண்டியைப் பேணுதல் யாழ்ப்பாணத்தின் கைத்தொழிலாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அரை நூற்றாண்டுக்குமேல் ஓடின. 1990ஆம் ஆண்டுகளில் போரின் காரணமாகக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் மறுக்கப்பட்டபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய எஞ்சின்கள் எரிவாயுக் கலவையை அதிகம் நெருக்குவதில்லை. ஏறக்குறைய ஆறரை, ஏழு மடங்கு மட்டுமே. ஆதலால் மண்ணெண்ணெயை அவை தாங்கின. புதிய எஞ்சினில் அது தட்டி உடைக்கும். இவ்வித்தை புதிதன்று. துலாவுக்குப் பதிலாக உரும்பிராய்க் கிணறுகளில் வந்த நீர்ப்பம்பிகள் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியவை. தோட்டக்காரன் பம்பியிற் கற்றதே பின்னர் காருக்கும் உதவியது. புகையும், எஞ்சின் எண்ணெய் நீர்த்துப் போதலும் அதற்கு இறுத்த வரி.

இன்று இவ்விரண்டில் ஒன்றைத் தேடுபவருக்கு, வன்னி வயலே நோக்கமென்றால் லாண்ட் றோவர் ஏற்றது. தாழ்ந்த கியரும் அலுமினிய உடலும் அதன் பக்கம். கரையோர மணலே வழியென்றால், அல்லது தானே கழற்றிப் பூட்டும் கையுடையவரென்றால், ஜீப் போதும். அதனினும் எளிய பொறி அமைப்பு வேறில்லை. வில்லிஸ் வாகன் கண்ணுக்கு இனியது. உரும்பிராயில் அதற்குரிய கண்ணாடியும் கதவுப் பூட்டும் தேடுவதோ இரணைமடுவில் முத்துக் குளிப்பதற்கு ஒப்பாகும். எதுவாயினும் விலை பேசுமுன் வண்டியின் கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்து, சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தல் நன்று. ஜீப்பில் தரைக்குக் கீழ்ச் செல்லும் குறுக்குத் தகடுகள், லாண்ட் றோவரில் பின் குறுக்குச் சட்டமும் தடுப்பின் அடிப்பாகமும் முதலில் உக்குபவை. கணீரென்று ஒலித்தால் உருக்கு இருக்கிறது. மந்தமாக ஒலித்தால், அங்கே இருப்பது வர்ணம் மட்டுமே.