நீலம், ரோஸ், ஒரு பொய்: கோபால்ட் குளோரைடின் கதை

போன பொங்கலுக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது, ஏற்றுமதிக் குடோன் ஒன்றில் வேலை பார்க்கும் பள்ளித் தோழனைப் பார்க்கப் போனேன். துணிப்பெட்டிகளுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆரஞ்சு மணிகள்.

"முன்னாடி நீலமால்ல இருக்கும்? எங்கலே அது?"

"வெளிநாட்டுக்காரன் நீலம் வேண்டாங்கான். அதுல விஷம் இருக்காம்லா."

அந்த நீலம்தான் கோபால்ட் குளோரைடு. ஒரு நிறம் ஏன் காணாமல் போனது என்று தோண்ட ஆரம்பித்ததில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

இந்த உப்பை நம்மில் பலர் பிளஸ் டூ தாவரவியல் செய்முறை வகுப்பிலேயே பார்த்திருப்போம். கோபால்ட் குளோரைடில் நனைத்துக் காயவைத்த நீலத் தாளை இலையின் இரண்டு பக்கமும் வைத்துக் கிளிப் போட வேண்டும். பெரும்பாலான இலைகளில் அடிப்பக்கத் தாள்தான் முதலில் ரோஸ் ஆகும். இலைத்துளைகள் அங்கே அதிகம், அதனால் நீராவியும் அங்கேதான் அதிகம். 1894ல் எர்ன்ஸ்ட் ஷ்டால் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் கொண்டுவந்த முறை இது. காய்ந்த உப்பில் கோபால்ட் அணுவைச் சுற்றிக் குளோரின் மட்டும் இருக்கும், நிறம் நீலம். ஈரம் பட்டால் நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளும், நிறம் ரோஸ். சூடு காட்டினால் தண்ணீர் போய்விடும், மறுபடி நீலம்.

இந்த வித்தையை உலகம் முதலில் பயன்படுத்தியது ரகசியம் எழுத. 1737ல் ழான் எல்லோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த மறைமை பற்றி விவரமாக எழுதினார். வெளிறிய ரோஸ் கரைசலில் எழுதினால் தாளில் ஒன்றும் தெரியாது. நெருப்பருகே காட்டினால் எழுத்து எழும். ஆறியதும் காற்றின் ஈரத்தைக் குடித்து மறைந்துவிடும். பிறகு அதே மையை வைத்துக் குளிர்காலக் காட்சி வரைந்து, கணப்பருகே வைத்ததும் மரங்கள் தளிர்க்கும்படி வேடிக்கை காட்டினார்கள்.

சிலிக்கா ஜெல் வந்தது ரொம்பப் பின்னாடி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வால்டர் பேட்ரிக் 1919ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜெல் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் நிரம்பிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் துளி கோபால்ட் குளோரைடு சேர்த்தார்கள். நீலம் என்றால் வேலை செய்கிறது, ரோஸ் என்றால் மாற்று.

எங்க ஊருக்கு இது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்க. ஒரு பக்கம் கடல் தண்ணியை வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கிறோம். இன்னொரு பக்கம் அதே கடல்காற்றிலிருந்து திருப்பூர் பனியனையும், முந்திரிப் பருப்பையும், தீப்பெட்டியையும் காப்பாற்றியாக வேண்டும். பகலில் கன்டெய்னர் சூடாகும், ராத்திரி குளிரும். உள்ளே இருக்கிற ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கோர்த்துச் சரக்கின் மேலே சொட்டும். கப்பல்காரர்கள் இதைக் 'கன்டெய்னர் மழை' என்கிறார்கள்.

சரி, விஷத்துக்கு வருவோம். இரத்தசோகைக்கு மருந்தாகவே கோபால்ட் குளோரைடைக் கொடுத்த காலம் உண்டு. சிவப்பணு கூடியது, கூடவே சிலருக்குத் தைராய்டு வீங்கியது. 1960களில் பீரில் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்பு சேர்த்தார்கள். 1965-66ல் கனடாவின் கியூபெக் நகரில் அந்தப் பீரை அதிகமாகக் குடித்தவர்களுக்கு இதயம் பழுதானது. 20 பேர் இறந்தார்கள். சேர்த்தது சொற்ப அளவுதான். சரியான சாப்பாடு இல்லாமல் நாள் முழுக்கக் குடித்த உடம்பு அதைத் தாங்கவில்லை.

சிவப்பணு ஏன் கூடியது என்ற கேள்விக்கான பதில் 2019 நோபல் பரிசு வரை போகிறது. கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவரும் செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்கு வாங்கிய பரிசு அது. ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். கோபால்ட் அந்த வேலையைக் கெடுத்துவிடும். மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும் செல் 'ஆக்சிஜன் இல்லை' என்று நம்பி, சிவப்பணு தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடும். ஈரத்தைப் பற்றி உண்மை சொல்கிற உப்பு, உடம்புக்குள்ளே போனால் பொய் சொல்கிறது.

இதைப் படித்தபோது தோழனின் தாத்தா நினைவுக்கு வந்தார். 1950களில் முத்துக்குளிக்கப் போனவர். காலில் கல், இடுப்பில் பை, மூச்சடக்கி ஒரு நிமிஷம் பாருக்குள்ளே. கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்பலாம், தங்கச்சி தாலி அவன் கையில் என்பார். கயிறு அசைந்தால் இழுத்துவிடுவான். அவர் உடம்பு கேட்ட காற்று நிஜமான தேவை. 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

2008 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது, கோபால்ட் குளோரைடும் அதில் இருந்தது. மூச்சு வழியே தூசாகப் போனால் புற்றுநோய் உண்டாக்கலாம் என்பதுதான் காரணம். ஆரஞ்சு மணிகள் பரவியது இதனால்தான். பெட்டியைப் பிரிக்கிறவருக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. நாள் முழுக்க அந்தத் தூளை அள்ளி, கலந்து, பொட்டலம் கட்டுகிறவருக்குத்தான் அதிகம். 'வெளிநாட்டுக்காரன்' விதி போட்டதில் எங்க ஊர்க் கைகளுக்கும் லாபம் உண்டு.

உங்க கேமரா பையில் பழைய நீலப் பொட்டலம் இருந்தால் பயப்பட வேண்டாம். பிரிக்காதீங்க, பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க. ரோஸ் ஆனதைச் சமையலறை ஓவனில் வைத்து நீலமாக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நானும் செய்திருக்கிறேன், இனி செய்ய மாட்டேன்.