பீர்க் கடை மேசையடியில் ஒரு நாய்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வரும் நம் வயதுக்காரர்கள் தவறாமல் சொல்லும் ஆச்சரியம் ஒன்று உண்டு. விடுமுறை என்றால் வீட்டு நாயும் காரில் ஏறிவிடுகிறது. வழியில் எங்காவது ஒரு சின்ன பீர் ஆலையில் இறங்குகிறார்கள். கிராஃப்ட் புரூவரி என்று பெயர். சிறிய அளவில் தாங்களே பீர் காய்ச்சி அங்கேயே குவளையில் ஊற்றித் தரும் இடம். மேசைக்கு மேலே பீர், மேசைக்கு அடியில் நாய். நானும் கலிபோர்னியாவில் பார்த்தேன். எனக்கு எலுமிச்சை ஜூஸ். பக்கத்து மேசையடியில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒன்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"அவர்களுக்கு நாய் மேல் அவ்வளவு பாசம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பாசத்துக்கு நம் ஊரிலும் குறைவில்லை. ஆனால் ஒரு பொது இடத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கவும், அதைப் பார்த்து யாரும் காலைத் தூக்கிக்கொள்ளாமல் இருக்கவும் பாசம் மட்டும் போதாது. அதற்கு ஊசியும் சட்டமும் வேண்டியிருந்தன. அவை வந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

சாராயக் கடைக்கும் நாய்க்கும் உள்ள உறவு இங்கிலாந்தில் மிகப் பழையது. 'டாக் அண்ட் டக்', அதாவது நாயும் வாத்தும், என்று அங்கே பப்புகளுக்குப் பெயர் உண்டு. பறக்க முடியாதபடி சிறகு கட்டிய வாத்தைக் குளத்தில் விட்டு, நாயை ஏவி, வேடிக்கை பார்த்துக்கொண்டே குடிப்பார்கள். அந்த விளையாட்டிலிருந்து வந்த பெயர். லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இந்தப் பெயரில் புகழ்பெற்ற விடுதி ஒன்று இருந்தது. அந்த இடத்தில் பிறகு பெத்லம் மனநல மருத்துவமனை வந்தது. இன்று அந்தக் கட்டடம் போர் அருங்காட்சியகம்.

அடுத்த கட்டம் இன்னும் கொடூரமானது. 1835-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் விலங்கு வதையைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. கரடியையும் காளையையும் கட்டிவைத்து நாயை ஏவுவது, நாய்ச் சண்டை, சேவல் சண்டை எல்லாம் குற்றமாயின. எலியைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை. பப் முதலாளிகளுக்கு அது போதாதா? மாடியிலோ நிலவறையிலோ பலகை அடித்து ஒரு களம் கட்டினார்கள். கிராமப்புறங்களிலிருந்து உயிரோடு பிடித்து வந்த எலிகளை நூற்றுக்கணக்கில் அதில் கொட்டி, ஒரு டெரியர் நாயை இறக்கிவிட்டு, எத்தனை நிமிடத்தில் எத்தனை எலி என்று பந்தயம் கட்டினார்கள். இந்தப் பந்தயம் முன்பே இருந்ததுதான். 1823-இல் பில்லி என்ற நாய் வெஸ்ட்மின்ஸ்டர் களத்தில் 100 எலிகளை ஐந்தரை நிமிடத்தில் கொன்றதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சட்டம் மற்ற பந்தயங்களை அடைத்த பிறகு எலிப் பந்தயம் சூடு பிடித்தது.

லண்டன் பன்ஹில் ரோவில் 'புளூ ஆங்கர்' என்ற பப்பை ஜெம்மி ஷா என்பவர் நடத்தினார். அவருடைய நாய் டைனி, பெயருக்கு ஏற்றபடி எடை இரண்டரைக் கிலோதான். 1840-களின் கடைசியில் அது ஒரு மணி நேரத்துக்குள் 200 எலிகளைத் தீர்த்துக்கட்டியது. இந்தக் காட்சியைச் சித்திரமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலில் எலிப் பந்தயம் நடந்த ஓர் இரவை விரிவாக எழுதியிருக்கிறார். எலி பிடித்துத் தருவதே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. நுழைவுக் கட்டணம், பந்தயக் காசு, இவற்றுக்கு மேல் பீர் விற்பனை. எல்லாம் முதலாளிக்கு லாபம்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய கௌரவமான நாய்க் கண்காட்சிகளின் வேரும் இதே பப்புகளில்தான் இருக்கிறது. எலிப் பந்தயம் இல்லாத நாட்களில் அதே அறையில் நாய்ப் பிரியர்கள் கூடி, யார் நாய் அழகு, யார் நாய் சுத்த ரத்தம் என்று வாதாடினார்கள். 1859-இல் நியூகாசிலில் முறையான கண்காட்சி நடந்தது. 1873-இல் கென்னல் கிளப் உருவானது. களத்தில் கொலை செய்த நாயின் வம்சம் மெத்தையில் உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவு நடந்தும் ஒரு பயம் மட்டும் போகவில்லை. வெறிநாய்க்கடி. பப்பில் படுத்திருக்கும் நாய்க்கு வெறி பிடித்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? 1885-இல் பாரீஸில் லூயி பாஸ்டர் தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காட்டினார். அது கடிபட்ட மனிதனுக்கு. நாயிடமிருந்து நோயை ஒழிக்க பிரிட்டன் வேறு வழியில் போனது. 1897-இல் வேளாண்மைத் துறையைக் கவனித்த அமைச்சர் வால்டர் லாங், நாய்களுக்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்று கறாராக உத்தரவு போட்டார். நாய்ப் பிரியர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்கள் ஆறு மாதம் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 1902-இல் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் மறுபடி தலைகாட்டி, 1922-இல் மறைந்தது. என்னைக் கேட்டால், இன்றைக்கு நாயோடு பப்புக்குப் போகிற ஒவ்வோர் ஆங்கிலேயனும் அந்த அமைச்சருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

நமக்கு இந்தப் பயத்தை விளக்கவே வேண்டாம். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் வந்தது. தெற்கே நாய் கடித்தவர்களுக்கு அந்த மலைதான் கதி. நம் சிறுவயதில் தெருநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. அந்த மருந்தை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நம் நாடு முழுதாகக் கைவிட்டது. நாயைப் பார்த்ததும் நாம் எட்டி நிற்பதைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாய்களுக்குக் கூட்டங்கூட்டமாகத் தடுப்பூசி போட்டார்கள். நாயிடமிருந்து நாய்க்குப் பரவும் வெறிநோய் வகை தங்கள் நாட்டில் இல்லை என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007-இல் அறிவித்தது. வௌவால், ரக்கூன் போன்ற காட்டு விலங்குகளிடம் நோய் இன்னும் இருக்கிறது. அதனால் நாய்க்கு ஊசி அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் கட்டாயம்தான்.

பீர் ஆலையின் கதை தனி. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. அது போன பிறகு ராட்சத நிறுவனங்கள்தான் பிழைத்தன. 1970-களின் கடைசியில் நாடு முழுக்க நூறு பீர் ஆலைகூட இல்லை. 1976-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர் 'நியூ ஆல்பியன்' என்ற குட்டி ஆலையைத் தொடங்கினார். ஆறே ஆண்டில் மூடவேண்டி வந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச வழிவிட்டது. வீட்டில் காய்ச்சிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் ஆலை முதலாளி ஆனார்கள். இன்று எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது.

இந்தச் சிறு ஆலைகள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறமான கிடங்குகளில் வாடகைக்கு இருந்தன. சிமெண்டுத் தரை, இழுத்துவிடும் ஷட்டர் கதவு, வெளியே பெரிய முற்றம். பல இடங்களில் சமையலறையே கிடையாது. சாப்பாட்டை வாசலில் நிற்கும் வண்டியில் வாங்கிக்கொள்ள வேண்டும். தரையைக் குழாய் பிடித்துக் கழுவிவிடலாம். முதலாளியின் நாய் முதலில் வந்தது, வாடிக்கையாளரின் நாய் பின்னால் வந்தது. தானியம் இருக்கும் இடத்தில் எலி வரும் என்பதால், பழைய ஆலைகளில் பூனைக்குத்தான் வேலை இருந்தது. இப்போது நாய்க்கு வேலையே இல்லாமல் இடம் கிடைத்துவிட்டது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. உணவு விற்கும் இடத்தில் உயிருள்ள விலங்கு கூடாது என்பது பழைய சுகாதார விதி. பார்வையற்றவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் நாய்களுக்கு மட்டும் விலக்கு. 2006-இல் ஃபுளோரிடா மாநிலம், உள்ளூர் நிர்வாகம் சம்மதித்தால் வெளி முற்றத்தில் நாயை விடலாம் என்றது. கலிபோர்னியாவில் 2015 தொடக்கத்திலிருந்து அனுமதி. அந்தச் சட்டத்தின் நிபந்தனைகளைப் படித்து ரசித்தேன். நாய் கடைக்குள் புகுந்து போகக்கூடாது, முற்றத்துக்குத் தனி வாசல் வேண்டும். கயிறு இருக்க வேண்டும். நாற்காலியில் ஏறக்கூடாது. தண்ணீர் வைத்தால் ஒருமுறை உபயோகித்து எறியும் கிண்ணத்தில்தான் வைக்க வேண்டும். உணவைத் தொடும் ஊழியர் நாயைக் கொஞ்சக்கூடாது. நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால் "இதைத்தானே நாங்களும் சொன்னோம்" என்பார்கள். 2022-இல் மத்திய அரசின் மாதிரி உணவு விதியிலும் வெளி முற்றத்து நாய்க்கு இடம் கிடைத்தது.

சில ஆலைகளில் நாய் பிஸ்கெட்டும் விற்கிறார்கள். பார்லியை முளைகட்டி உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்கிய பின் மிஞ்சும் சக்கையில் செய்வது. நம் ஊரில் மாட்டுக்குப் புண்ணாக்கு வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாறு பிரிந்த பிறகுதான் கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அதனால் அந்தச் சக்கையில் ஹாப்ஸ் இருக்காது. இது முக்கியம். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். தின்றால் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். 1997-இல் வெளியான ஒரு கால்நடை மருத்துவ அறிக்கை இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து நாய்களைப் பற்றிச் சொல்கிறது, பெரும்பாலும் கிரேஹவுண்ட் இனம். வீட்டில் பீர் காய்ச்சிவிட்டுக் கொல்லையில் கொட்டும் கழிவில்தான் ஆபத்து.

2007-இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய 'புரூடாக்' நிறுவனம் பெயரிலேயே நாயை வைத்துக்கொண்டது. 2018-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஆலையை ஒட்டி நாயோடு தங்கும் ஹோட்டலையும் கட்டியது. பிரிட்டனின் ஆறு மாதத் தனிமை விதி 2000-இல் தளர்ந்தது. தடுப்பூசியும் உடம்பில் பதித்த சிப்பும் ரத்தப் பரிசோதனையும் இருந்தால், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வரும் நாய்களைத் தனிமை இல்லாமல் அனுமதித்தார்கள்.

நம் நாட்டிலிருந்து போகும் நாய்க்கு இன்னும் கெடுபிடி உண்டு. வெறிநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா நம்மை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே இறங்கும் நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும், சிப் இருக்க வேண்டும். இங்கே ஊசி போட்ட நாய் என்றால் அதற்கு அரசு கால்நடை அதிகாரி ஒப்பமிட்ட சான்று வேண்டும், அங்கே இறங்கியதும் பரிசோதிக்கும் மையத்தில் முன்பதிவு வேண்டும். செல்லத்தக்க ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் 28 நாள் அந்த மையத்திலேயே வைத்துக்கொள்வார்கள், செலவு நம்முடையது. பேரப்பிள்ளைகள் இங்கிருந்து நாட்டு நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுபோக ஆசைப்பட்டால், சிப்பை முதலில் பதித்துவிட்டுப் பிறகு ஊசி போடச் சொல்லுங்கள். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது.