பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் நம் முன்னோர் கண்ட வாழ்க்கை அதுதான். 1957-இல் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். பல குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேற நேர்ந்தது.

தனி ஒருவர் தோட்டம் வாங்க முடியுமா? முடியாது. பலர் சேர்ந்தால்? இந்த எண்ணத்தில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் சீவியவர்களுக்கு அது சிறிய தொகையன்று. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று ஆதரவு திரட்டினார். முதலில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், கூலி வாங்கிய கை பங்குதாரரின் கையும் ஆயிற்று. சிறு சேமிப்பும் ஒன்றுசேர்ந்தால் நிலமாகும் என்பதை நாம் கண்டோம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரம் இருக்கிறதா? இருந்தால் இன்றிரவே பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.