நூறிலிருந்து எண்ணூறு வரை: டெஸ்ட் விக்கெட் சாதனை கைமாறிய வரலாறு

டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாக 100 விக்கெட்டை எட்டியவர் இங்கிலாந்தின் ஜானி பிரிக்ஸ், ஆண்டு 1895. முத்தையா முரளிதரன் 800-ஐத் தொட்டது 2010 ஜூலையில். இடைப்பட்ட 115 ஆண்டுகளில் அதிக விக்கெட் என்ற சாதனை பலமுறை கைமாறியது. 2007-க்குப் பிறகு மாறவே இல்லை. இந்த நிலைப்புக்கு முரளியின் கைத்திறன் மட்டும் காரணமன்று. ஆட்ட அட்டவணைக்கும் அணியின் அமைப்புக்கும் அதில் சமபங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1913-இல் சாதனையைக் கைப்பற்றிய சிட்னி பார்ன்ஸ் 27 டெஸ்டில் 189 விக்கெட் எடுத்தார். ஆட்டத்துக்குச் சரியாக ஏழு. 1913-14 தென்னாப்பிரிக்கத் தொடரில் நான்கே டெஸ்டில் அவர் வீழ்த்திய 49 விக்கெட்டை இன்றுவரை எவரும் ஒரு தொடரில் தாண்டவில்லை. முரளி ஆடிய 133 டெஸ்டும் பார்ன்ஸுக்குக் கிடைத்து, அதே வேகத்தில் வீசியிருந்தால் கணக்கு 931-இல் போய் நிற்கும். இப்படிப் பெருக்கிப் பார்ப்பது ஆய்வு முறைக்கு ஒவ்வாதுதான். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: அன்று குறைவாக இருந்தது ஆட்டங்களே, ஆற்றல் அல்ல.

பார்ன்ஸின் சாதனை 22 ஆண்டுகள் நின்றது. முதல் உலகப் போர் அதில் சில ஆண்டுகளை விழுங்கியது. 1936-இல் ஆஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் அதைக் கடந்து 216-இல் நிறுத்தினார். அடுத்த போரும் வந்து போனபின் 1953-இல் அலெக் பெட்சர் முந்தினார். 1963-இல் பிரையன் ஸ்டாதம் முந்த, சில வாரங்களிலேயே ஃபிரெட் ட்ரூமன் அவரையும் தாண்டினார். மறு ஆண்டு ஓவல் மைதானத்தில் 300-ஐத் தொட்ட ட்ரூமனிடம், இதை யாராவது முறியடிப்பார்களா என்று கேட்டார்கள். முறியடிப்பவன் களைத்துப் போவான் என்ற பொருளில் அவர் சொன்ன பதில் பிரபலம்.

களைப்பு ஒரு தடையாக இருக்கவில்லை. 1970-களிலிருந்து டெஸ்ட் ஆட்டங்கள் பெருகின. சாதனையின் ஆயுள் சுருங்கியது. லான்ஸ் கிப்ஸ் 1976, டென்னிஸ் லில்லி 1981, இயன் போத்தம் 1986, ரிச்சர்ட் ஹாட்லி 1988, கபில்தேவ் 1994, கோர்ட்னி வால்ஷ் 2000. இவர்களில் ஒருவரிடமும் அது ஏழாண்டுகூடத் தங்கவில்லை.

2004 மே மாதம் ஹராரேயில் முரளி வால்ஷை முந்தினார். பிறகு தோள்பட்டைக் காயத்தால் அவர் 532-இல் ஒதுங்கியிருக்க, அதே ஆண்டு அக்டோபரில் நம் சேப்பாக்கத்தில் இர்ஃபான் பதானை வீழ்த்தி ஷேன் வார்ன் முன்னேறினார். 708 விக்கெட்டுடன் வார்ன் ஓய்வுபெற்றார். 2007 டிசம்பர் 3 அன்று, பிறந்த ஊரான கண்டியிலேயே, பால் காலிங்வுட்டின் ஸ்டம்பைச் சாய்த்து முரளி அந்த எண்ணைக் கடந்தார். காலியில் நடந்த தம் கடைசி டெஸ்டுக்கு வந்தபோது அவருக்கு எட்டு விக்கெட் தேவைப்பட்டது. எட்டாவதாக விழுந்த பிரக்யான் ஓஜாதான் இந்திய இன்னிங்ஸின் கடைசி விக்கெட்டும். அதற்குமேல் வீச ஆளில்லை.

மலையகத் தமிழர் குடும்பத்தில் பிறந்த இவரைப் பற்றிய இரு ஆட்சேபங்களை ஆய்வாளர் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது பந்துவீச்சு முறை. 1995-இல் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் அறிவித்தார். பிற்பாடு 15 பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று ஐசிசி வகுத்த விதி அனைத்து வீச்சாளர்களுக்கும் பொதுவானது. விவாதத்தை அது ஓயவைத்ததாகச் சொல்ல முடியாது. இரண்டாவது, எளிய எதிரணிகள். ஜிம்பாப்வே, வங்கதேசத்துக்கு எதிராக 25 டெஸ்டில் 176 விக்கெட் எடுத்தது உண்மையே. அவற்றைக் கழித்தாலும் 108 டெஸ்டில் 624 விக்கெட் மிஞ்சும், ஆட்டத்துக்கு 5.78. வார்னின் மொத்தச் சராசரியே 4.88தான். ஆகவே இரண்டாம் ஆட்சேபம் நிற்காது என்பது என் முடிவு.

அணி அமைப்புக்கு வருவோம். முரளி வீசிய பந்துகள் 44,039. ஒரு டெஸ்டுக்கு 55 ஓவர். சமிந்த வாஸ் தவிர நீண்டகாலத் துணை அவருக்கு அமையவில்லை; ஆகவே பந்து அவரிடமே திரும்பத் திரும்ப வந்தது. ஒரே டெஸ்டில் பத்து விக்கெட் என்பதை 22 முறை செய்தார்; அடுத்த இடத்திலுள்ள வார்ன் பத்து முறை. வலுவான அணியில் இது நடக்காது. சென்னையின் அஸ்வின் 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர். அவரையே 2021 இங்கிலாந்துத் தொடரின் நான்கு டெஸ்டிலும் இந்தியா வெளியே உட்காரவைத்தது. ஜடேஜா இருந்தார், வேகப்பந்து வீச்சாளர்கள் நால்வர் இருந்தார்கள். விக்கெட்டுகள் பங்கு போடப்பட்டன.

நிறைய ஆடும் அணியில் பங்கு குறைகிறது. 21 ஆண்டுகள் ஆடிய ஜேம்ஸ் ஆண்டர்சன் 188 டெஸ்டில் 704 எடுத்தார். அவர் வேகத்தில் 800-ஐ எட்ட 214 டெஸ்ட் வேண்டும். டெண்டுல்கரின் 200-க்கு மேல் எவரும் ஆடியதில்லை. பங்கு அதிகம் கிடைக்கும் சிறிய அணிக்கோ ஆட்டமே கிடைப்பதில்லை. 2006-இல் மட்டும் முரளி 11 டெஸ்ட் ஆடி 90 விக்கெட் குவித்தார். 2025-இல் இலங்கை ஆடிய டெஸ்ட் மொத்தமே நான்கு. இன்னொரு முரளி அங்கே தோன்றி, ஆட்டத்துக்கு ஆறு விக்கெட் வீதம் எடுத்தாலும், இந்தக் கணக்கில் 800-ஐ அடைய 33 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

2030 பிறக்கும்போது சாதனை முரளியிடமே இருந்தால், பார்ன்ஸ் அதை வைத்திருந்த 22 ஆண்டுகளையும் அது எட்டியிருக்கும்.