விஷக் காய்ச்சலும் அரிசித் தட்டுப்பாடும்



தொற்றுநோய் என்றதும் மருத்துவமனையும் மருந்தும்தான் முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அன்றாடங் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு நோயோடு மற்றொரு கவலையும் சேர்ந்தே வருகிறது. நாளைக்கு உலையில் போட அரிசி உண்டா என்பதே அந்தக் கவலை. நோயும் அரிசித் தட்டுப்பாடும் அடுத்தடுத்து வந்த ஒரு காலம் மலாயாவின் வரலாற்றில் உண்டு. அது 1918 முதல் 1921 வரையிலான காலமாகும். அதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-ஆம் ஆண்டின் நடுவில், விஷக் காய்ச்சல் மலாயாவுக்குள் நுழைந்தது. முதலில் அது அவ்வளவு கடுமையாக இல்லை. அக்டோபர் மாதம் மீண்டும் வந்தபோதுதான் அதன் கொடுமை தெரிந்தது. சில மாதங்களுக்குள் மலாயாவில் மட்டும் சுமார் 35,000 பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். நெருக்கமான லயங்களில் வாழ்ந்த இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் மிகவும் பாதிக்கப்பட்டவர்களுள் அடங்குவர்.

இந்தக் காய்ச்சலில் ஒரு விசித்திரம் இருந்தது. சாதாரணக் காய்ச்சல் முதியோரையும் குழந்தைகளையும் தான் அதிகம் வாட்டும். இதுவோ 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமானவர்களையும் வீழ்த்தியது. பால் வெட்டும் தகப்பனும் சோறு சமைக்கும் தாயும் ஒரே வாரத்தில் பாயில் படுத்துவிட்டால் அந்த வீட்டின் கதி என்ன? வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அரிசி இருந்தாலும் பொங்கிப் போட ஆளில்லை. அந்நாளில் இந்நோயைத் தீர்க்கும் மருந்தும் கிடையாது. ஓய்வும் தண்ணீரும் கஞ்சியும் பக்கத்தில் இருந்து கவனிக்க ஒருவரும் கிடைப்பதே நோயாளிக்கு இருந்த பெரிய உதவி.

காய்ச்சல் தணிந்த பின்னும் துன்பம் தீரவில்லை. அக்காலத்தில் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. நல்ல நிலமெல்லாம் ரப்பருக்குப் போயிருந்தது. ரப்பரை விற்று அரிசியை வாங்கிக் கொள்ளலாம் என்பதே எல்லாருடைய நம்பிக்கையாக இருந்தது. பர்மாவும் சயாமும் அரிசி அனுப்பி வந்தன.

1918-இல் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அங்கும் அதே காய்ச்சல் கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. ஆகவே, அந்நாளில் இந்தியாவோடு இணைந்திருந்த பர்மாவின் அரிசி இந்தியாவுக்கே திருப்பி விடப்பட்டது. வெளிநாட்டு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919-இல் சயாமிலும் விளைச்சல் குறைந்து, அந்நாடும் அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. மலாயாவின் இரண்டு அரிசி வாசல்களும் இப்படி அடைபட்டன. கடையில் விலை ஏறியது. கூலி அதே வேகத்தில் ஏறவில்லை.

அப்போது என்ன செய்தார்கள்? 1919-இல் அரசாங்கம் அரிசி இறக்குமதியையும் விற்பனையையும் தன் கையில் எடுத்துக் கொண்டது. அரிசியை அளந்து பங்கிட்டது. அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றதால் கோடிக்கணக்கான வெள்ளி நஷ்டத்தையும் ஏற்றது. இதனால் பணம் படைத்தவர் மட்டும் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்குவது ஓரளவு தடைப்பட்டது.

இரண்டாவது வழி நிலத்தைப் பற்றியது. போரினால் கப்பல் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்ததால், 1918-லேயே மலாய்க் கூட்டு மாநிலங்களில் உணவு உற்பத்திச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டிருந்தது. தோட்டங்களில் உணவுப் பயிர் இடும்படி வற்புறுத்த அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தந்தது. பின்னர் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளர்கள் பயிரிட நிலம் ஒதுக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. லயத்தின் பின்புறம் முருங்கையும் கீரையும் மரவள்ளியும் வளர்த்த குடும்பங்களுக்கு அந்த மண்ணின் அருமை நன்றாகத் தெரியும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, எத்தனையோ வீடுகளில் மரவள்ளிக் கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இம்முறை கடைகளில் அரிசி இருந்தது. வாங்கப் பணமில்லாமல்தான் பலர் தவித்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு, கீரை பிடுங்கக் கொல்லைப்புறமும் இல்லை. 2021 ஜூன் மாத இறுதியில், உணவில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டுங்கள் என்ற அழைப்பு நாடெங்கும் பரவியது. துணியைக் கண்டவர்கள் இனம் பாராமல் அரிசியும் முட்டையும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நேயர்களே, கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடப்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அரசாங்கத்தின் பங்கீடு தெரு வரைக்கும்தான் வரும். எந்த வீட்டில் இன்று சமையல் இல்லை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே நல்ல நாளிலேயே சிலவற்றைச் செய்து வைப்போம். ஒரு பிடி மண் இருந்தாலும், அது பழைய வாளியாக இருந்தாலும், அதில் கீரை விதைப்போம். நம் வரிசையில் முதியவர் தனித்திருக்கும் வீடு எது, கைக்குழந்தையுள்ள வீடு எது என்று தெரிந்து வைத்திருப்போம். கோயிலிலும் சங்கத்திலும் கூடும்போது, ஆளுக்கு ஒரு படி அரிசி சேர்த்து வைக்கும் பழக்கத்தைத் தொடங்குவோம். நோய் வரும் நாள் நமக்குத் தெரியாது. வரும்போது நம் வரிசையில் ஒரு வீடும் பட்டினி கிடக்காமல் பார்த்துக் கொள்வது நம்மால் ஆகக் கூடிய காரியமே.